ஒரம்பரை வந்த நாட்கள்

நவம்பர் 18, திங்கள்

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். இது என் மகள் கலாமணியின் உடம்பைப் பற்றிய நோட்டு. எழுதுவது அவள் அப்பா ராக்கியப்பன், வயது அறுபத்தொன்பது. போன வருஷம் ஆடி மாதம் வரை எனக்கு எழுத்து தெரியாது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு வைத்தார்கள். சாந்தாமணி டீச்சர் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு ஆயிரம் வணக்கம். நான் மெதுவாகத்தான் எழுதுவேன். இந்த அளவுக்கு எழுத முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் கலாமணி காப்பி கொடுத்தாள்.

இன்று நீங்கள் சொன்னதை மறக்காமல் இருக்க எழுதுகிறேன். கலாமணிக்கு நாற்பத்தொரு வயது. பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். முப்பத்தாறு தையல் மெஷினுக்கு அவள் பொறுப்பு. தீபாவளி முடிந்த கையோடு வெளிநாட்டுச் சரக்கு அனுப்பும் அவசரம். போன வாரம் செக்கிங் மேசை பக்கத்தில் நின்றபடியே மயங்கி விழுந்துவிட்டாள். நீங்கள் ரத்தம் எடுத்துப் பார்த்தீர்கள். தைராய்டு சரி, சர்க்கரை சரி.

"நெட்டுல அட்ரினல் சோர்வுன்னு போட்டிருந்துதுங்க டாக்டர். எனக்கு இருக்கறதெல்லாம் அப்படியே இருந்துது. அதுக்கு ஒரு பவுடர் தருவிச்சுக் குடிச்சிட்டு இருக்கறனுங்க" என்று கலாமணி சொன்னாள்.

"அந்தப் பவுடரை நிறுத்தும்மா. கிட்னிக்கு மேல இருக்கிற அந்தச் சுரப்பியையும் பாத்தாச்சு. அது நல்லாத்தான் இருக்கு. நீதான் தேஞ்சு போயிருக்க" என்றீர்கள்.

அவள் முகம் வாடிவிட்டது. ஒரு வியாதியின் பெயர் கிடைத்திருந்தால் தேவலை என்று நினைத்தாள் போல.

இரண்டு மாதம் முழு ஓய்வு என்று எழுதிக்கொடுத்தீர்கள். இந்த இரண்டு மாதத்தை வீணாக்கினால் அடுத்த தடவை எழுந்திருக்க ஒரு வருஷம் ஆகலாம், பழைய ஆளாக எழுந்திருக்காமலும் போகலாம் என்றீர்கள். கம்பெனியும் அதுவரைதான் அவள் இடத்தை வைத்திருக்கும். தினமும் என்ன செய்தாள், எப்போது மயக்கம் வந்தது என்று எழுதி வரச் சொன்னீர்கள். பேனா பிடித்தால் அவளுக்குக் கை நடுங்குகிறது. "நான் எழுதறனுங்க" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். நல்ல சிரிப்பு.

நவம்பர் 19, செவ்வாய்

கலாமணி நாலரைக்கே எழுந்துவிட்டாள். "எதுக்கு அம்மிணி?" என்று கேட்டேன். "பழக்கமுங்ப்பா" என்றாள். இட்லி ஊற்றினாள், சட்னி அரைத்தாள், எனக்கு வெந்நீர் வைத்தாள், காப்பி கொடுத்தாள். பிறகு ஓய்வு எடுத்தாள். மயக்கம் இல்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. காலையில் பால் வாங்கி வந்தேன். பிறகு சொந்தக்காரர்களுக்கு போன் செய்தேன். பதினொரு பேர். எல்லோரும் ஒரு எட்டு வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். தனியாகப் படுத்துக் கிடப்பவளுக்கு நாலு முகம் பார்த்தால் தெம்பு வரும்.

நவம்பர் 20, புதன்

இட்லி மூன்று தின்றாள். காப்பி கொடுத்தாள். மயக்கம் இல்லை. நல்ல வெயில்.

நவம்பர் 21, வியாழன்

இன்று ஒரம்பரை வந்தது. டாக்டர் அம்மா தஞ்சாவூர்ப் பக்கம் என்பதால் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து போகும் சொந்தக்காரர்களை எங்கள் பக்கம் ஒரம்பரை என்போம். ஒரம்பரை வந்தால் வீட்டுப் பெண் எழுந்து வாசல் வரை வந்து "வாங்க" என்று கூப்பிட வேண்டும். தண்ணீர் கொடுக்க வேண்டும். காப்பி கொடுக்காமல் அனுப்பினால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

பல்லடத்திலிருந்து என் மச்சினன் வீட்டார் நான்கு பேர் வந்தார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். கலாமணி நைட்டியை மாற்றிச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏங்கண்ணு, இப்பிடி எளைச்சுப் போயிட்டே? நீ படு, படு, எங்களுக்கோசரம் எந்திரிக்காதே" என்று மச்சினன் சம்சாரம் சொன்னாள். "சக்கரை மட்டும் கம்மியாப் போடு கண்ணு, மாமனுக்கு ஆவாது."

கலாமணி வடை சுட்டாள், காப்பி கொடுத்தாள். ஐந்து மணி வரை பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனசு நிறைந்திருந்தது. நம் வீட்டுக்கு இத்தனை பேர் இருக்கிறார்கள்.

நவம்பர் 22, வெள்ளி

குளிக்கப் போகும் வழியில் கலாமணிக்குக் கண் இருட்டிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். நாள் முழுக்கப் படுத்திருந்தாள். ஏன் என்று தெரியவில்லை. வானம் மூடியிருந்தது, அதனாலும் இருக்கலாம்.

நவம்பர் 24, ஞாயிறு

காங்கேயத்திலிருந்து என் அக்கா பாவாத்தாள் வந்திருக்கிறாள். வயது எழுபத்தைந்து. நான் நாலு வயதுப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஆத்தா இறந்துவிட்டாள். அக்காதான் கஞ்சி ஊற்றி வளர்த்தாள். கலாமணிக்கு ஒத்தாசையாக இரண்டு நாள் தங்கப் போவதாகச் சொன்னாள்.

அக்கா வந்தால் வீடு கலகலப்பாகிவிடும். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். இன்று தன் மருமகளைப் பற்றி மதியம் ஆரம்பித்துப் பொழுது சாயும் வரை சொன்னாள். கலாமணி கட்டிலில் படுக்கவில்லை, மரியாதைக்கு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். மூன்று வேளையும் சமைத்தாள். அக்காவுக்கு ராகிக் களி பிடிக்கும் என்று கிண்டினாள். காப்பி நான்கு தடவை.

நவம்பர் 27, புதன்

அக்கா நேற்று போனாள். இன்று கலாமணிக்குச் சீப்பைப் பிடிக்க முடியவில்லை. காரணம் இல்லாமல் அழுதாள். "ஏனுஞ் சாமி?" என்று கேட்டேன். "தெரியலீங்ப்பா. ஒண்ணுமே இல்லீங்ப்பா" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து எனக்குக் காப்பி கொடுத்தாள்.

நவம்பர் 28, வியாழன்

கலாமணி தூங்குகிறாள். ஒரம்பரையும் அக்காவும் கொண்டுவந்ததில் அலமாரியில் ஆறு ஹார்லிக்ஸ் பாட்டில் சேர்ந்திருக்கிறது. ஆறையும் இறக்கி வைத்து லேபிளை ஒன்றுவிடாமல் படித்தேன். ஆறிலும் ஒன்றேதான் எழுதியிருக்கிறது. இருந்தாலும் ஆறாவதைப் படித்தபோதும் முதல் பாட்டில் போலவே சந்தோஷமாக இருந்தது. பஞ்சு மில்லில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கினேன். மூட்டை மேல் என்ன எழுதியிருந்தது என்று ஒரு நாளும் தெரியாது.

கலாமணியின் அம்மா இறப்பதற்குமுன் மூன்று வருஷம் படுக்கையில் இருந்தாள். அப்போதும் இவள்தான் கம்பெனிக்கும் போய், அவளையும் பார்த்துக்கொண்டாள். கோபிப் பக்கமிருந்து பெண் கேட்டு வந்தவர்களை இவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இது டாக்டருக்குத் தேவையில்லாதது. ஆனால் பேனாவில் எழுதியதை அழிக்கத் தெரியவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

கம்பெனிப் பெண்கள் ஐந்து பேர் வந்தார்கள். "அக்கா, நீங்க இல்லாம லைனே செத்துக் கெடக்குது. புது சூப்பர்வைசருக்கு எலாஸ்டிக்குக்கும் ரிப் துணிக்கும் வித்தியாசம் தெரியலீங்க்கா" என்றார்கள். கலாமணி வாய்விட்டுச் சிரித்தாள். உப்புமா கிண்டினாள். காப்பி கொடுத்தாள்.

டிசம்பர் 2, திங்கள்

கலாமணி விழுந்துவிட்டாள். சமையல்கட்டில், கிரைண்டர் ஓரத்தில். நெற்றியில் தோல் உரிந்து ரத்தம். நான் வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் உள்ளே போனேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

படுத்தே இருக்கிறாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

வியாழக்கிழமை உங்களைப் பார்க்க வர வேண்டும். அதற்குமுன் பிழை இருந்தால் திருத்தலாம் என்று நோட்டை முதலிலிருந்து படித்தேன். எழுதுவது போலவே படிப்பதும் எனக்கு மெதுவாகத்தான். காலையில் உட்கார்ந்தவன் மதியம்தான் முடித்தேன்.

நானே எழுதியதை நானே முதல் தடவை படிக்கிறேன். மறந்துபோன நாளெல்லாம் அப்படியே உட்கார்ந்திருந்தது. வாய்ப்பேச்சாக இருந்திருந்தால் இதற்குள் என் சௌகரியத்துக்கு மாற்றிச் சொல்லியிருப்பேன். எழுதியது மாறவில்லை.

ஒரம்பரையோ கம்பெனிப் பெண்களோ வந்த நாளுக்கெல்லாம் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். மயக்கம் வந்த நாளுக்கும் உடம்புக்கு முடியாமல் போன நாளுக்கும் ஒரு சுழி போட்டேன். கோட்டுக்குப் பின்னால் சுழி. கோட்டுக்குப் பின்னால் சுழி. மூன்று இடத்திலும் அப்படித்தான். வானம் மூடியதால் அல்ல.

ஒரம்பரையைக் கூப்பிட்டது நான். பதினொரு போன்.

டிசம்பர் 9, திங்கள்

பதினொரு பேருக்கும் போன் செய்தேன். கூப்பிடும்போது இருந்த குரல் வரவில்லை. "அம்மிணி கொஞ்சம் தேறட்டும், அப்பறம் வாங்க" என்றேன். மச்சினன் வீட்டார் "நாங்க என்ன திங்கறதுக்கா வந்தோம்?" என்று வைத்துவிட்டார்கள். அக்கா போனை எடுக்கவில்லை. அவள் போனைப் பாதி நாள் அரிசிப் பானை மேல் வைத்துவிட்டு மறந்துவிடுவாள்.

டிசம்பர் 10, செவ்வாய்

பதினொரு மணி பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினாள். இரண்டு கையிலும் பை. இந்தத் தடவை பத்து நாள் இருக்கப் போகிறாளாம். கலாமணி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் போய் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏண்டா ராக்கியா, கேட்டத் தொறக்காம மரமாட்ட நிக்கறே? பைய வாங்கு."

"அக்கா, உள்ள வேண்டாமுங்."

"என்ன வேண்டாம்?"

"நீங்க உள்ள வந்தா அவ எந்திரிப்பாளுங்."

"பின்ன? அத்தை வந்தா எந்திரிக்காம படுத்துட்டா கெடப்பா?"

"அதுதானுங்க்கா அவளோட சீக்கே."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நான் என்ன ஒரம்பரையாடா? ஒத்தாசைக்கு வந்தவ."

"போன தடவையும் ஒத்தாசைக்குத்தான் வந்தீங்க. மூணு வேளையும் அவதான் சோறாக்குனா. களி கிண்டுனா. நீங்க போன மக்யா நாளு சீப்பு புடிக்க முடியாம அழுதா. நோட்டுல எழுதியிருக்குதுங்."

"என்னையப் பத்தி நோட்டுல எழுதி வெச்சிருக்கறயா?" என்றாள். குரல் தெருவுக்கே கேட்டது. "நான் கஞ்சி ஊத்துனது எந்த நோட்டுலடா எழுதியிருக்குது? அறுவத்தொம்பது வயசுல எழுத்துப் படிச்சது எனக்குக் கேட்டச் சாத்தறதுக்கா?"

நான் கேட்டை விடவில்லை. அக்கா பார்த்தாள். பிறகு பைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். நான் ஓடிப்போய்ப் பைகளை வாங்கினேன். அதற்கு மட்டும் விட்டாள். பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் பேசாமல் இருந்தது என் காதுக்கு வலித்தது.

வீட்டுக்கு வந்தபோது கலாமணி தூங்கிக்கொண்டிருந்தாள். மதியம் ஒன்றரைக்குத்தான் விழித்தாள். மயக்கம் இல்லை.

டிசம்பர் 12, வியாழன்

நோட்டை உங்களிடம் கொடுத்தேன். கோட்டையும் சுழியையும் காட்டினேன். "ஐயா, எங்க நர்ஸுங்ககூட இவ்வளவு தெளிவா எழுதமாட்டாங்க" என்றீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு நீங்கள் பக்கம் பக்கமாகத் திருப்பிப் படித்தீர்கள். அவ்வளவு வேகமாக ஒருவர் படிப்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

"விருந்தாளி வராத நாள்லயும் தினம் காப்பி கொடுத்தாள், காப்பி கொடுத்தாள்னு எழுதியிருக்கே. இது யாருக்கு?" என்று கேட்டீர்கள்.

"அப்பாவுக்குத்தானுங்க. அதெல்லாம் ஒரு வேலையா டாக்டர்?" என்று கலாமணி அவசரமாகச் சொன்னாள்.

நான் உங்களுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பஸ்ஸில் வரும் வழியில் கடைகளின் பெயர்ப் பலகை எதையும் நான் படிக்கவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

காலை நாலே காலுக்கு எழுந்தேன். கலாமணிக்கு முன்னால் சமையல்கட்டுக்குப் போனேன். டிகாக்ஷன் எந்தப் பாத்திரத்தில் இறக்குவது என்று தெரியவில்லை. பாலை வைத்துவிட்டுத் தூள் டப்பாவைத் தேடினேன். டப்பாக்களில் எதிலும் பெயர் இல்லை. முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். அதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

சத்தம் கேட்டு கலாமணி வந்தாள். "ஏனுங்ப்பா இது, தள்ளுங்க."

"நீ போய்ப் படு."

"உங்களுக்குத் தெரியாதுங்ப்பா."

"எழுத்தும் தெரியாமத்தான் இருந்துது. படு அம்மிணி."

நின்றாள், அழுதாள், பிறகு போய்ப் படுத்தாள். ஆறு மணிக்கு ஒரு காப்பி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "மஞ்சத்தூள் டப்பாவுல கையி போட்டீங்ளா?" என்று கேட்டாள். மிச்சத்தையும் குடித்துவிட்டாள்.

டிசம்பர் 14, சனி

அத்தையைத் திருப்பி அனுப்பியது கலாமணிக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். "எனக்கோசரமா அத்தையக் கேட்டோட அனுப்பிச்சீங்க? மூஞ்சிய எங்கீங்ப்பா வெச்சுக்கறது?" என்று கோபப்பட்டாள். கோபம் முடிந்ததும் மூன்று மணி நேரம் தூங்கினாள். பகலில் இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

ரசம் வைத்தேன். உப்பு இல்லை.

டிசம்பர் 18, புதன்

ரசம் வைத்தேன். உப்பு நேற்றைக்கும் சேர்த்து விழுந்துவிட்டது. டப்பாக்கள் எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டினேன். இருபத்திரண்டு டப்பா. ஒரு நாள் முழுக்க எழுதினேன். கலாமணி படுத்தபடி ஒவ்வொன்றாக என்ன என்று சொன்னாள். சோம்பு எது, சீரகம் எது என்று இத்தனை வருஷம் சாப்பிட்டும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

டிசம்பர் 26, வியாழன்

ஆறு மணி வரை தூங்கினாள். பிள்ளையார் கோயில் வரை நடந்து திரும்பினோம். வழியில் ஒரு இடத்தில் உட்கார்ந்தாள். மயக்கம் இல்லை. கடவுளுக்கு நன்றி.

டிசம்பர் 30, திங்கள்

எல்லா நாளும் ஏறுமுகம் இல்லை. இன்று காலையில் எழுந்து உட்கார்ந்தவள் திரும்பச் சாய்ந்துவிட்டாள். "கல்லு தூக்கி வெச்ச மாதிரி இருக்குதுங்ப்பா" என்றாள். ஒரம்பரை யாரும் வரவில்லை, வேலை ஒன்றும் செய்யவில்லை. இதற்குக் கோடு போட இடம் இல்லை. சுழி மட்டும் போட்டேன். சோறு ஊட்டினேன், தின்றாள்.

ஜனவரி 4, சனி

தலையை அவளே வாரிப் பின்னிக்கொண்டாள். பிறகு என் கோதுமை ரவை உப்புமாவை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்து, காக்கைகூட வருகிறதா பார்ப்போம் என்றாள். இரண்டு காக்கை வந்தது. ஒன்று தின்றது.

ஜனவரி 9, வியாழன்

இன்று உங்களிடம் வந்தோம். இன்னும் ஒரு மாதம் வேண்டும், அதற்குப் பிறகும் அரை நேர வேலைதான் என்று சொன்னீர்கள். கம்பெனி ஒத்துக்கொள்ளுமா என்று எனக்குப் பயமாக இருந்தது. மருத்துவமனை வராந்தாவிலேயே கலாமணி மேனேஜருக்கு போன் செய்தாள்.

"சார், பிப்ரவரி பத்துக்கு மேல வர்றனுங்க. மத்தியானம் வரைக்குந்தானுங்க. ராத்திரி ஷிப்மென்ட்டுக்கு இனி நான் இல்லீங்க. ஒத்து வந்தா சொல்லுங்க, இல்லீன்னாலும் சொல்லிருங்க."

இதே ஆளிடம் பேச அவள் எழுந்து நின்றுதான் போனை எடுப்பாள். இன்று பெஞ்சில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு பேசினாள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாராம். சாயங்காலம் அவரே கூப்பிட்டு, சரி, வந்தால் போதும் என்றார்.

ஜனவரி 13, திங்கள்

அக்காவுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோனேன். சேலை, வாழைப்பழம், வெல்லம். இலை போட்டுச் சோறு போட்டாள். பேசவில்லை. கிளம்பும்போது "அவளுக்கு எப்பிடி?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். "பரவாயில்லீங்" என்றேன். ஒரு கட்டு முருங்கைக்கீரை கொடுத்தாள்.

ஜனவரி 16, வியாழன்

இன்று பூப்பறிக்கிற நோம்பி, உங்கள் பக்கத்துக் காணும் பொங்கல். தெருப் பிள்ளைகள் எல்லாம் ஆவாரம்பூ பறிக்கப் போய்விட்டார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கலாமணி கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கேட் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அக்கா. கையில் பை இல்லை. நேராக உள்ளே வந்து கூடத்தில் நின்றாள்.

என் கையில் சோப்பு நுரை. நான் ஓடி வருவதற்குள் கலாமணி எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். நாற்பது வருஷப் பழக்கம். கலாமணியின் தோள் ஒரு முறை அசைந்தது. அவ்வளவுதான். தலையணையில் தலை இருந்தபடியே, "வாங்கத்தே, உக்காருங்க" என்றாள்.

அவள் எழுந்திருக்கவில்லை.

அக்கா கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளை யாரும் படுத்துக்கொண்டு வரவேற்றதில்லை. பிறகு நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அப்பிடியே கெட கண்ணு" என்றாள். என் பக்கம் திரும்பி, "என்னடா பாக்கறே? வந்தவளுக்கு ஒரு காப்பி கெடைக்குமா, அதுக்கும் நோட்டப் பாக்கோணுமா?" என்றாள்.

காப்பி கொடுத்தேன். "மாட்டுக்குக் கழனித்தண்ணி இதுக்குத் தேவலாம்" என்று சொல்லிக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கலாமணி படுத்தபடியே சிரித்தாள். அக்காவுக்கு அது போதும். மருமகள் பேச்சை ஆரம்பித்துவிட்டாள். பொங்கல் பானைக்கு மஞ்சள் கொத்து கட்ட மறந்துவிட்டாளாம். அதைக் கேட்டதற்கு என்ன சொன்னாள் தெரியுமா என்று கையை ஓங்கியவள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

கலாமணி தூங்கிப்போயிருந்தாள். ஒரு கை கன்னத்துக்கு அடியில். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அக்கா ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்தி இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. ஓங்கிய கையை மெதுவாக மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள். "மீதிய அவ எந்திரிச்சதும் சொல்லிக்கறேன்" என்று என்னிடம் காதோடு சொன்னாள்.

ஐந்தரை மணி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அக்கா அசையவில்லை. நான் சமையல்கட்டுக் கதவோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இரண்டு பேரும் சத்தமே போடாமல் இருக்கிறோம்.